கோத்தகிரி பங்களாவில் திகில் பட இரவு: ஒரு செவிலியரின் மதிப்புரை

கோத்தகிரிக்குச் சற்று வெளியே, தேயிலைத் தோட்டத்தின் விளிம்பில் நிற்கும் பழைய பங்களா ஒன்றில், மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை இரவு திகில் படங்களைத் திரையிடுகிறார்கள். ஏழு மணிக்குத் தொடங்கி நள்ளிரவு வரை இரண்டு படங்கள், நடுவில் இரவு உணவு, ஆளுக்கு 700 ரூபாய், மொத்தம் 24 இருக்கைகள். குன்னூரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் வண்டியோட்டி, கல்லூரியில் படிக்கும் என் அக்காள் மகனையும் அழைத்துக்கொண்டு சென்ற மாதம் அங்கே போய் வந்தேன். நான் அறுவை அரங்கச் செவிலியர். 16 ஆண்டுகளாக அன்றாடம் இரத்தத்தைப் பார்த்து வருகிறவள். அப்படிப்பட்டவள் விடுப்பு நாளிலும் பணம் கொடுத்து அதையே பார்க்கப் போவானேன் என்று புறப்படும்போது அம்மா கேட்டார். அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் போனேன். ஆகவே இருக்கை, ஒலி, உணவு ஆகியவற்றோடு அதுவும் இந்த மதிப்புரையில் இடம்பெறுகிறது. அன்று கண்ட குறைகளை உரிமையாளரிடமே தொலைபேசியில் சொல்லியிருக்கிறேன். அவற்றைத் திருத்திக்கொள்ள அவருக்கு அவகாசம் வேண்டும் என்பதால் பங்களாவின் பெயரை எழுதவில்லை.

இடத்தேர்வைக் குறை சொல்ல வழியே இல்லை. பழைய கூடத்தின் ஒரு சுவரில் பத்தடி அகலத் திரை, எதிர்ச்சுவரில் விறகு எரியும் கணப்பு, மேலே தகரக் கூரை. அன்று மாலையிலேயே மஞ்சு இறங்கிவிட்டதால், சன்னலுக்கு வெளியே நின்ற சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாக மறைந்துபோவதைப் பார்த்தபடியே நாங்கள் உட்கார்ந்திருந்தோம். படம் தொடங்கும் முன்பே பாதி வேலையை மலை செய்துவிட்டிருந்தது. ஆளுக்கொரு கம்பளியும் சுக்குக் காபியும் கொடுத்தார்கள். புரொஜெக்டர் தரமானது. இருட்டில் நடக்கும் காட்சிகளில் கருமை வெளுத்துச் சாம்பலாகிவிட்டால் திகில் படத்தில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. இங்கே அந்தக் குறை ஏற்படவில்லை. பிரம்பு நாற்காலிகளில் ஒரு படம் வரை சுகமாக இருக்கலாம், இரண்டாவது படத்தில் முதுகு வலிக்கும். சப்டைட்டில் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது.

முதல் படம், காட்டுக்குள் கைவிடப்பட்ட வீடொன்றில் அகப்பட்டுக்கொள்ளும் ஐந்து நண்பர்களைப் பற்றியது. கதையில் புதுமை இல்லை. எனக்குக் கிடைத்தது ஓரத்து இருக்கை என்பதால் திரையையும் மக்களையும் மாறி மாறிப் பார்க்க முடிந்தது. முதல் வெட்டு விழுந்தபோது ஏழெட்டுப் பேர் கைகளால் முகத்தை மூடிக்கொண்டார்கள். அத்தனை பேருமே விரல்களுக்கு நடுவே இடைவெளி விட்டிருந்தார்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த புதுமணத் தம்பதியில் அந்தப் பெண் கணவரின் தோளில் முகம் புதைத்துக்கொண்டார். கணவரின் முகத்தில் பயத்தைக் காட்டிலும் நிறைவுதான் தெரிந்தது. டால்ஃப் சில்மன் என்ற உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1986இல் வெளியிட்ட ஆய்வொன்று இதைத்தான் சொல்கிறது: திகில் படம் பார்க்கும் இளைஞர், பக்கத்தில் இருக்கும் பெண் அஞ்சும்போது படத்தைக் கூடுதலாக ரசிக்கிறார், பெண்ணோ, பக்கத்தில் இருப்பவர் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது கூடுதலாக ரசிக்கிறார். இந்த விளக்கம் ஜோடியாக வருகிறவர்களுக்குப் பொருந்தும். தனியாக வந்து முன்வரிசையில் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்த முதியவருக்கும், எனக்கும் இது பொருந்தவில்லை.

நான் கூர்ந்து கவனித்த இன்னொன்று சிரிப்பு. ஒவ்வொரு முறை இரத்தம் பீறிட்டு, அதிர்ச்சி அடங்கிய மறுநொடியிலும் கூடம் முழுவதும் சிரித்தது. இதைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் ஒருமுறை கலிங்கத்துப் பரணியின் கூழ் அடும் பகுதியைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். செயங்கொண்டார் அங்கே போர்க்களத்துப் பிணங்களுக்கு நடுவே பேய்களைப் பல் விளக்க வைக்கிறார், குளிக்க வைக்கிறார், கூழ் சமைத்துப் பந்தி பரிமாற வைக்கிறார். குருட்டுப் பேய்க்கும் ஊமைப் பேய்க்கும்கூட அந்தப் பந்தியில் இடமுண்டு. ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன்பே குடலையும் நிணத்தையும் சொல்லிச் சொல்லிக் கேட்பவர்களைச் சிரிக்கவும் நடுங்கவும் வைத்த மொழி நம்முடையது. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளை, வரிசைப்படுத்தும்போது நகையையும் இளிவரல் என்னும் அருவருப்பையும் அச்சத்தையும் ஒரே பட்டியலில்தான் வைக்கிறது. குருதி கண்டு மகிழும் இந்தக் காலத்து இளைஞர்களிடம் ஏதோ புதுக் கேடு புகுந்துவிட்டது என்று பேசுவதை இதனால்தான் என்னால் ஏற்க முடிவதில்லை.

இரத்தத்தைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வளர்ந்த ஒருவரின் உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம் இருக்கிறது. தமனி அறுபட்டால் பளிச்சென்ற சிவப்பில் துடித்துத் துடித்து வரும். சிரையிலிருந்து கருஞ்சிவப்பாக வழியும். சில நிமிடங்களில் உறையத் தொடங்கும், காய்ந்தால் பழுப்பாகிவிடும், பழைய இரும்புப் பாத்திரத்தை முகர்ந்தாற்போல ஒரு வாடை கையுறையைக் கழற்றிய பிறகும் மூக்கில் நிற்கும். திரையில் பார்ப்பது இதுவன்று. அது உறைவதில்லை, நிறம் மாறுவதில்லை, அதற்கு வாடையும் இல்லை. சோளப் பாகில் நிறம் கலந்து செய்வதே பெரும்பாலும் வழக்கம். 1960இல் இயக்குநர் ஹிட்ச்காக் தம் ‘சைக்கோ’ என்ற கறுப்பு வெள்ளைப் படத்தின் புகழ்பெற்ற குளியலறைக் கொலைக்குச் சாக்லேட் பாகையே பயன்படுத்தினார். அன்று நாங்கள் பார்த்த படத்தில் ஒரே ஆளிடமிருந்து 5 லிட்டருக்கு வெகு அதிகமாகவே பீறிட்டது. இந்த மிகைதான் பார்ப்பவரின் உடலுக்கு, இதற்காக நீ எழுந்து ஓட வேண்டியதில்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது என்பதை நான் அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் உணர்ந்தேன். உண்மையான இரத்தம் என்னிடம் ஒன்றைக் கேட்கும். அழுத்திப் பிடி, கிளாம்பை எடு, இரத்த வங்கிக்குச் சொல் என்று கேட்கும். திரையில் சிந்துவது எதையும் கேட்பதில்லை. அதைக் கைகட்டிக்கொண்டு பார்க்கலாம்.

இடைவேளை உணவு சிறப்பாகவே இருந்தது. சோறு, கோழிக்குழம்பு, கேரட் பொரியல், ரசம், கூடவே கண்ணில் நீர் வரவழைத்த ஒரு பச்சை மிளகாய்த் துவையல். என் அக்காள் மகன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே மூன்றாம் முறை அந்தத் துவையலைக் கேட்டு வாங்கினான். "சித்தி, எரியுது, ஆனா விட முடியல" என்றான். பால் ரோசின் என்ற உளவியலாளர் திகிலின் இன்பத்தை விளக்கியதும் ஏறத்தாழ இப்படித்தான். மிளகாயிலுள்ள காப்சைசின், சூட்டை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டி, நாக்கு வேகிறது என்று மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. நாக்கு உண்மையில் வேகவில்லை என்பது தின்பவருக்குத் தெரியும். உடல் ஆபத்து என்று அலறும்போது மனம் ஆபத்தில்லை என்று அறிந்திருக்கும் அந்த இடைவெளியிலேயே இன்பம் பிறக்கிறது என்றும், துயரப் பாட்டு, ராட்சத ஊஞ்சல், திகில் படம் எல்லாம் அந்த வகையைச் சேர்ந்தவை என்றும் அவர் கருதினார். பாலூட்டி விலங்குகள் பொதுவாக ஒதுக்கும் காரத்தை மனிதன் தேடிப் போய்த் தின்கிறான் என்பதிலிருந்தே அவருடைய ஆராய்ச்சி தொடங்கியது. சில்மன் சொன்ன வேறொரு விளக்கமும் உண்டு: பயத்தில் எழுந்த படபடப்பு உடனே அடங்குவதில்லை, அதன்மேல் வந்து சேரும் நிம்மதி பன்மடங்காகத் தெரிகிறது என்பது அது. முதல் படம் முடிந்ததும் ரசம் அத்தனை ருசித்ததற்கு அது காரணமாக இருக்கலாம். ஆனால் ஒருவர்கூடப் பிழைக்காமல் முடிந்த இரண்டாவது படத்தையும் மக்கள் மனம் நிறைந்து பாராட்டியதால், அந்த விளக்கம் எனக்குப் போதுமானதாகப் படவில்லை.

இனி அன்று நேர்ந்த பெரும் பிழையைச் சொல்ல வேண்டும். உணவு முடிந்து எல்லோரும் நாற்காலிக்குத் திரும்பியதும் திடீரென விளக்குகளை அணைத்தார்கள். மின்வெட்டு என்றே நினைத்தோம். கணப்பு வெளிச்சத்தில், முகமூடி அணிந்த ஒருவர் கையில் அரிவாளோடு பின்கதவு வழியே உள்ளே வந்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அவருக்கு இரத்தம் வழிந்தது. பார்வையாளர்களை மகிழ்விக்க நிர்வாகம் ஏற்பாடு செய்திருந்த விளையாட்டாம் அது. முன்கூட்டி யாருக்கும் சொல்லவில்லை. பெற்றோருடன் வந்திருந்த ஒன்பது வயது மதிக்கத்தக்க சிறுவன் வாய்விட்டு அழுதான்; நடுவரிசையில் ஒரு பெண்ணின் தோளில் அரிவாளின் தட்டைப் பக்கத்தை வைத்தபோது அவர் நாற்காலியோடு சாயப் பார்த்தார். எனக்கு நேர்ந்தது வேறு. என்ன செய்கிறேன் என்று எண்ணும் முன்பே எழுந்து அவரை நோக்கி இரண்டடி நடந்திருந்தேன். என் கண் அவருடைய கையில் வெட்டு எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தது, கை துணியைத் தேடிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் முன்பு திரையில் ஐந்து பேர் துண்டானதைக் கம்பளி போர்த்திக்கொண்டு ரசித்த நான், கூடத்துக்குள் வந்த அரைக்கரண்டி நிறநீருக்காக எழுந்து ஓடியிருக்கிறேன். விளக்கைப் போட்டதும் எல்லோரும் சிரித்தார்கள் என்றாலும், அது முதல் படத்தின்போது கேட்ட சிரிப்பாக இல்லை. இரண்டாவது படம் தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியும் என் நாடி 100க்குக் கீழே இறங்கவில்லை, எண்ணிப் பார்த்தேன்.

உளவியலாளர்கள் ஜொனாதன் ஹைட், கிளார்க் மெக்காலி, ரோசின் ஆகியோர் 1990களில் செய்த சோதனை ஒன்று அப்போது நினைவுக்கு வந்தது. மாடு அறுக்கப்படுவதையும் அறுவை சிகிச்சையையும் உள்ளபடி காட்டும் ஆவணப் படங்களைக் கல்லூரி மாணவர்களுக்குப் போட்டுக் காட்டி, விரும்பும்போது நிறுத்திக்கொள்ளலாம் என்று சொன்னார்கள். பெரும்பாலோர் முடிவு வரை பார்க்காமல் நிறுத்திவிட்டார்கள். திரையரங்கில் அதைவிடக் கொடூரமான காட்சிகளைக் காசு கொடுத்துப் பார்க்கும் வயதினர்தான் அவர்கள். குருதியை விரும்புகிறவர்கள் எல்லாக் குருதியையும் விரும்புவதில்லை. கதை என்ற வேலி சுற்றி நிற்கும் குருதியைத்தான் விரும்புகிறார்கள். திகில் பட இரவை நடத்துகிறவரின் முதல் வேலை அந்த வேலியைக் காப்பது என்று நான் உறுதியாக நம்புகிறேன்; அன்று அரிவாளோடு வந்த இளைஞர் அதைத் தாண்டி வந்தார், அவரை அனுப்பியவர்கள் அதை யோசிக்கவில்லை.

இரண்டாவது படத்தின்போது ஒலியை வேண்டுமென்றே கூட்டியிருந்தார்கள். டென்மார்க்கின் ஓர்ஹுஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பயமுறுத்துவதற்கென்றே நடத்தப்படும் பேய் வீடு ஒன்றில் 110 பேருக்கு இதயத்துடிப்பு அளக்கும் கருவியைப் பொருத்தி, அவர்கள் எப்போது அதிகம் மகிழ்ந்தார்கள் என்று ஆராய்ந்து 2020இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பயம் மிகக் குறைந்தாலும் இன்பம் இல்லை, மிகக் கூடினாலும் இல்லை. நடுவில் ஓர் அளவில் உச்சம் பெறுகிறது என்பது அவர்கள் கண்டது. தகரக் கூரை அதிர ஸ்பீக்கரை முடுக்கினால் அந்த அளவு கூடிவரும் என்று எண்ணுவது தவறு. முதல் படத்தில் மஞ்சும் மௌனமும் சேர்ந்து செய்ததை இரண்டாவது படத்தில் ஒலிப்பெருக்கி கெடுத்தது.

ஆனால் அதே இரண்டாவது படத்தின் நடுவே, இந்த இடத்தை நான் மதிக்கத் தொடங்கிய நிகழ்ச்சியும் நடந்தது. மண்ணுக்குள் உயிரோடு புதைபடும் காட்சி வந்ததும், எனக்கு முன்னே இருந்த ஐம்பது வயதுப் பெண்மணி எழுந்து வெளியே போனார். பணியாளர் ஒருவர் எதுவும் கேட்காமல் அவரைப் பக்கத்து அறைக்கு அழைத்துச் சென்று, கணப்பருகே உட்காரவைத்து, தேநீர் கொடுத்துவிட்டு விலகி நின்றார். பின்னால் போன என்னிடம் அந்த அம்மாள், "2009 நவம்பர் மழையில எங்க வீதியிலயே மண் சரிஞ்சுச்சு சிஸ்டர், வெட்டு குத்து எல்லாம் பார்ப்பேன், மண்ணை மட்டும் பார்க்க முடியாது" என்றார். அந்த நிலச்சரிவுகளில் நீலகிரியில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கோடரி அவருக்குக் கதை. மண் அவருக்குக் கதையன்று. இந்த மலையில் திகில் படம் திரையிடுகிறவர் இதை மனத்தில் கொள்ள வேண்டும். கதவைத் தாழிடாமல், எழுந்து போகிறவரைக் கேலி செய்யாமல், அவருக்கு ஓர் அறையையும் ஒரு கோப்பைத் தேநீரையும் ஒதுக்கி வைத்திருந்ததற்காகவே இவர்களுக்கு நான் கூடுதல் மதிப்பெண் தருகிறேன்.

சிறுவர்களை அனுமதிப்பது அடுத்த குறை. வயது வந்தோர்க்கான சான்றிதழ் பெற்ற படத்துக்குத் திரையரங்கில் 18 வயது நிரம்பாதவரை விட முடியாது. அதற்குக் கீழான படங்களிலும் 7, 13, 16 என்று வயதைப் பிரித்துச் சான்றிதழ் தரும் முறை 2024இல் வந்துவிட்டது. தனியார் பங்களா என்பதால் இந்த அக்கறை தேவையில்லை என்று ஆகிவிடாது. பெற்றோர் அழைத்து வந்தாலும் திருப்பி அனுப்புவதே முறை.

நள்ளிரவில் படம் முடிந்ததும் பணியாளர்கள் டார்ச் லைட்டுடன் வந்து, நான்கைந்து பேராகச் சேர்த்து வண்டி வரை கொண்டுவந்து விட்டார்கள். தேயிலைச் சரிவில் மூன்று காட்டெருமைகள் மேய்ந்துகொண்டிருந்தன. அந்தப் பக்கம் கரடி நடமாட்டமும் உண்டு. ஒரு மணி நேரமாகச் சிரித்தும் அலறியும் கொண்டிருந்த கூட்டம் மூச்சுக் காட்டாமல் நடந்தது. செல்பேசியை எடுத்தவர் ஒருவரும் இல்லை. அணங்கு (பேய், தெய்வம்), விலங்கு, கள்வர், இறை (அரசர்) என்று அச்சத்துக்குத் தொல்காப்பியர் சொன்ன நான்கில் முதலாவதை உள்ளே கம்பளிக்குள் இருந்து ரசித்தோம், இரண்டாவதை வெளியே முப்பதடித் தொலைவில் கண்டபோது யாருக்கும் ரசிக்கத் தோன்றவில்லை. அந்த நடைக்கு அவர்கள் காட்டிய பொறுப்பு பாராட்டத் தக்கது.

அம்மாவின் கேள்விக்குத் திரும்பும் வழியில் பதில் யோசித்துக்கொண்டே வந்தேன். 2020இல் கோவிட் வார்டுக்கு மாற்றப்பட்டிருந்த மாதங்களில், பணி முடிந்து தனியறைக்கு வந்ததும் நான் பார்த்தவை பெரும்பாலும் திகில் படங்களே. அன்று அதற்காக வெட்கப்பட்டேன். அந்த ஆண்டு திரட்டிய தரவுகளைக் கொண்டு ஆய்வாளர் கோல்டன் ஸ்கிரிவ்னரும் மற்றவர்களும் 2021இல் வெளியிட்ட ஆய்வில், திகில் பட ரசிகர்கள் பெருந்தொற்றின்போது மற்றவர்களைவிடக் குறைந்த மன உளைச்சலையே தெரிவித்தார்கள் என்று படித்தபோது என்னையே பார்த்தது போல் இருந்தது. படம் அவர்களைத் திடப்படுத்தியதா, திடமானவர்கள் படத்தைத் தேடினார்களா என்பதை அந்த ஆய்விலிருந்து பிரித்துச் சொல்ல இயலாது. என் மட்டில் சொல்ல முடிவது இதுதான்: வார்டில் நான் அஞ்சியவற்றுக்கு முடிவு நேரம் கிடையாது, படத்துக்கு ஒன்றே முக்கால் மணி நேரம், அதில் எவரையும் நான் காப்பாற்ற வேண்டியதில்லை, காப்பாற்றாமல் விட்டதற்கு இரவில் விழித்திருக்கவும் வேண்டியதில்லை. அம்மாவிடம் இதைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அடுத்த முறை பகல் வெளிச்சத்திலேயே வீடு திரும்பும்படி ஏதாவது படம் பார்க்கச் சொன்னார்.

உரிமையாளரை மறுவாரம் தொலைபேசியில் அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அரிவாள் விளையாட்டை நிறுத்திவிடுவதாகவும், ஒவ்வொரு படத்திலும் எந்த வகைக் காட்சிகள் வரும் என்பதை நுழைவிலேயே தமிழில் எழுதி வைப்பதாகவும் ஒப்புக்கொண்டார். ஒலியைப் பற்றி மட்டும் அவருக்கு உடன்பாடில்லை. இப்போதைய நிலையில் ஐந்துக்கு மூன்றரை தருவேன். போகிறவர்கள் சொந்த வண்டியில் போக வேண்டும், காட்சி முடியும் நேரத்தில் பேருந்து கிடையாது. முதுகுக்கு ஒரு தலையணை எடுத்துச் செல்லுங்கள். ஓரத்து இருக்கை கிடைத்தால் விடாதீர்கள்.